ஓர் உறுதிமொழியில் பிரிந்த இரண்டு கட்சிகள்: அயர்லாந்து அரசியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

அயர்லாந்து அரசியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலேயே ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்த நாட்டை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் மாறி மாறி ஆண்ட பெரிய கட்சிகள் இரண்டு: ஃபியானா ஃபாயில், ஃபினா கேல். இதில் எது இடதுசாரி, எது வலதுசாரி? எது தொழிலாளிகளின் கட்சி, எது முதலாளிகளின் கட்சி? இப்படிக் கேட்டால் பதிலே கிடைக்காது. வரி, தொழில், ஐரோப்பிய ஒன்றியம் என எதை எடுத்தாலும் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போலத்தான் பேசும். அப்படியிருந்தும் 2020 வரை ஒரு முறைகூட அவை சேர்ந்து ஆட்சி அமைத்ததில்லை.

இதற்கு விடை 1922இல் இருக்கிறது. அந்த ஆண்டு தொடங்கிய உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற இரு தரப்புகள்தான் பின்னாளில் இந்த இரண்டு கட்சிகளாயின. அங்கே இதை 'உள்நாட்டுப் போர் அரசியல்' என்றே சொல்வார்கள். 1922இல் தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ, பேரனும் அந்தக் கட்சிக்கே வாக்களிப்பான். பல ஊர்களில் மூன்று தலைமுறைக்கு இப்படியே போனது.

போரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். என் மனதில் தங்கியது போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1932 மார்ச்சில் நடந்த ஒரு காரியம். போரில் தோற்றவர்கள் தேர்தலில் ஜெயித்து வந்தார்கள். போரில் ஜெயித்தவர்கள் ஆட்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1801 முதல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கிடையாது. அதன் உறுப்பினர்கள் லண்டனில் போய்த்தான் உட்கார வேண்டும். 'எங்கள் உள்நாட்டு விவகாரங்களையாவது நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்ற கோரிக்கைக்கு அங்கே ஹோம் ரூல் என்று பெயர். இந்தச் சொல் நமக்குப் பழக்கமானதுதான். ஐரிஷ் வம்சாவளியைச் சேர்ந்த அன்னி பெசன்ட் 1916இல் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் லீகின் பெயர் அங்கிருந்து வந்தது. அயர்லாந்துக்கான ஹோம் ரூல் சட்டம் 1914இல் நிறைவேறியது. ஆனால் முதல் உலகப்போரைக் காட்டி அதைக் கிடப்பில் போட்டார்கள்.

1916 ஈஸ்டர் திங்களன்று ஒரு சிறு கூட்டம் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைப் பிடித்து, அயர்லாந்து ஒரு குடியரசு என்று அறிவித்தது. ஆறே நாளில் சரணடைய வேண்டியதாயிற்று. அப்போது பொதுமக்களில் பலருக்கு அவர்கள் மேல் எரிச்சல்தான் இருந்தது. அப்புறம் பிரிட்டிஷ் அரசு தலைவர்களை ஒவ்வொருவராகச் சுடத் தொடங்கியது. காயத்தால் எழுந்து நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டார்கள். நாட்டின் மனம் திரும்பியது அங்கேதான். 1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ, தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபெயின் கட்சி அள்ளியது. வென்றவர்கள் லண்டனுக்குப் போகவில்லை. 1919 ஜனவரி 21 அன்று டப்ளினிலேயே கூடி, 'டாயில்' என்ற பெயரில் தங்கள் நாடாளுமன்றத்தைத் தாங்களே தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் உறுப்பினர்களும் போராளிகளும் குடியரசின் பெயரால் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

பிரிட்டிஷாருக்கு எதிரான இரண்டரை ஆண்டு கெரில்லாப் போருக்குப் பிறகு 1921 ஜூலையில் போர் நிறுத்தம். அதற்குள் வடக்கே ஆறு மாவட்டங்களைப் பிரித்து, பெல்ஃபாஸ்ட்டில் தனி நாடாளுமன்றமும் திறந்தாகிவிட்டது.

அக்டோபரில் பேச்சுவார்த்தைக்கு ஐந்து பேர் லண்டன் போனார்கள். ஆர்தர் கிரிஃபித்தும் மைக்கேல் காலின்ஸும் அவர்களில் முக்கியமானவர்கள். தலைவர் எய்மன் டி வலேரா போகவில்லை, டப்ளினிலேயே தங்கிவிட்டார். ஏன் போகவில்லை என்ற சண்டை நூறு ஆண்டுகளாக ஓயவில்லை. இறுதி முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ள நினைத்தார் என்பார்கள் ஒரு தரப்பார். பழியைப் பிறர் தலையில் போடப் பார்த்தார் என்பார்கள் மறு தரப்பார். அவர் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மேசையின் மறுபக்கத்தில் பிரதமர் லாயிட் ஜார்ஜும் சர்ச்சிலும் உட்கார்ந்திருக்கும்போது மூத்த தலைவர் வீட்டில் இருப்பது சரியில்லை.

டிசம்பர் 5 மாலை லாயிட் ஜார்ஜ் கெடு வைத்தார்: கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் மூன்று நாளில் போர். ஐரிஷ் குழுவினர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ப் பல மணி நேரம் தங்களுக்குள் வாதாடிவிட்டுத் திரும்பி வந்து, டிசம்பர் 6 அதிகாலை இரண்டு மணி தாண்டிக் கையெழுத்திட்டார்கள். டப்ளினுக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போகவில்லை. தன் மரண சாசனத்தில் தானே கையெழுத்திட்டுவிட்டதாக காலின்ஸ் அன்று சொன்னார். அப்போது அவருக்கு வயது 31.

ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது? கனடாவுக்கு இருந்த அதே அந்தஸ்து. சொந்த நாடாளுமன்றம், சொந்த ராணுவம், சொந்த வரி. பிரிட்டிஷ் படை வெளியேறும். என்ன கிடைக்கவில்லை? குடியரசு. நாட்டின் பெயர் ஐரிஷ் சுதந்திர நாடு, மன்னரின் பிரதிநிதியாக ஓர் ஆளுநர், சில துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையின் கையில். எல்லாவற்றுக்கும் மேலாக, டாயில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

அந்த உறுதிமொழியின் வாசகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதல் பகுதி, சுதந்திர நாட்டின் அரசியலமைப்புக்கு உண்மையான பற்றும் விசுவாசமும் காட்டுவதாகச் சொல்கிறது. மன்னர் பிறகுதான் வருகிறார்: ஐந்தாம் ஜார்ஜுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று. கனமான சொல் அரசியலமைப்புக்கு, அதைவிட இலேசான சொல் மன்னருக்கு. ஐரிஷ் தரப்பு வாரக்கணக்கில் போராடிப் பெற்ற வித்தியாசம் இது. ஒப்பந்தத்தை ஆதரித்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். எதிர்த்தவர்களுக்கோ மன்னரின் பெயர் அந்தத் தாளில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

நம்மில் சிலருக்கு இது வெறும் வார்த்தைச் சண்டையாகத் தோன்றலாம். அப்படி நினைத்தால் இந்த வரலாறே புரியாமல் போய்விடும். குடியரசின் பெயரால் ஏற்கெனவே சத்தியம் செய்தவர்கள் அவர்கள். அந்தச் சத்தியத்துக்காகச் செத்தவர்களின் வீட்டார் அந்த அவையில் உட்கார்ந்திருந்தார்கள். டாயிலில் பெண்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள். மார்கரெட் பியர்ஸின் இரண்டு மகன்களும் 1916இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். கேத்லீன் கிளார்க் கணவனையும் தம்பியையும் அதே வாரங்களில் பறிகொடுத்தவர். மேரி மெக்ஸ்வினியின் தம்பி, கார்க் நகர மேயர் டெரன்ஸ், 1920இல் லண்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்தவர். மேரி அவையில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். 'மன்னருக்கு உண்மையாக இருப்பேன்' என்று இவர்கள் எந்த வாயால் சொல்வார்கள்?

காலின்ஸின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. எல்லா நாடுகளும் விரும்பும் முழு விடுதலை இது இல்லைதான், ஆனால் அந்த விடுதலையை அடைவதற்கான விடுதலை இது என்றார் அவர். ஏணியின் முதல் படியில் காலை வைத்துவிட்டோம், மேலே ஏறுவது நம் கையில் என்பதே அதன் பொருள்.

புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுப் போர் வட அயர்லாந்துப் பிரிவினையால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விவாதத்தில் பிரிவினைக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. எல்லையைத் திருத்த ஓர் ஆணையம் வரும், அது பார்த்துக்கொள்ளும் என்று இரு தரப்பும் நம்பின. அந்த ஆணையம் 1925இல் எல்லையை மாற்றாமலேயே கலைந்தது. அவையைப் பிளந்தது உறுதிமொழிதான்.

1922 ஜனவரி 7 அன்று வாக்கெடுப்பு. ஆதரவு 64, எதிர்ப்பு 57. டி வலேரா தலைவர் பதவியை விட்டு விலகினார். ஏப்ரலில் எதிர்ப்பாளர்களின் ஆயுதப் படை டப்ளினில் நீதிமன்ற வளாகத்தைப் பிடித்து உட்கார்ந்தது. ஜூனில் நடந்த தேர்தலில் ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கே பெரும்பான்மை. ஜூன் 28 அன்று, பிரிட்டிஷாரிடம் கடன் வாங்கிய பீரங்கிகளால், புதிய அரசின் தலைவரான காலின்ஸின் படை தன் பழைய தோழர்கள் மீது சுட்டது. அந்தச் சண்டையில் பக்கத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்துச் சிதறியது. பல நூற்றாண்டுகளின் பதிவேடுகள் தீயில் போயின. தங்கள் குடும்ப வேர்களைத் தேடும் ஐரிஷ்காரர்கள் இன்றும் அந்தத் தீயில் வந்து முட்டி நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 22 அன்று காலின்ஸ் தன் சொந்த மாவட்டமான கார்க்கில், பேல் நா பிளா என்ற இடத்தில், பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்புறம் போர் மிகவும் கொடூரமாகிவிட்டது. டிசம்பர் 7 அன்று ஒரு டாயில் உறுப்பினர் தெருவில் சுடப்பட்டார். மறுநாள் காலையிலேயே, விசாரணை எதுவும் இல்லாமல், சிறையிலிருந்த நான்கு எதிர்ப்புத் தலைவர்களை அரசு பதிலடியாகச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவர் ரோரி ஓ'கானர். அந்த முடிவுக்குச் சம்மதித்த அமைச்சர்களில் ஒருவர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ். பதின்மூன்று மாதங்களுக்கு முன்னால் ஓ'ஹிக்கின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இதே ரோரி ஓ'கானர்தான். உள்நாட்டுப் போர் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

1923 மே மாதம் எதிர்ப்புப் படையின் தளபதி ஃபிராங்க் ஐக்கன் ஆயுதங்களைக் கீழே போடச் சொன்னார். சரணடையவில்லை, சமாதான ஒப்பந்தம் எதுவும் இல்லை. துப்பாக்கிகளைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகள் மட்டும் 77 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

சரி, போர் முடிந்தது. அரசியல்?

வென்ற தரப்பு டபிள்யூ. டி. காஸ்கிரேவ் தலைமையில் பத்து ஆண்டுகள் ஆண்டது. ஆயுதமில்லாத காவல்துறை, நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள் என ஒரு நாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கட்டியது. தோற்ற தரப்பு தேர்தலில் நின்றது, வென்றது, ஆனால் உறுதிமொழி எடுக்க முடியாது என்று அவைக்குள் போகாமல் வெளியிலேயே இருந்தது. இப்படியே போனால் எதுவும் நடக்காது என்று டி வலேராவுக்கு விளங்கியது. 1926இல் ஷின் ஃபெயினிலிருந்து பிரிந்து ஃபியானா ஃபாயிலைத் தொடங்கினார்.

1927 ஜூலை ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த கெவின் ஓ'ஹிக்கின்ஸை மூன்று பேர் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கடைசி மகள் ஊனாவுக்கு அப்போது ஐந்து மாதம். அறுபது ஆண்டுகள் கழித்து 1987இல், அந்த மகள் தன் அப்பாவுக்காகவும் அவரைக் கொன்ற மூவருக்காகவும் சேர்த்தே ஒரு பூசை ஏற்பாடு செய்தார்.

கொலைக்குப் பிறகு காஸ்கிரேவ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தேர்தலில் நிற்கிறவர்கள், வென்றால் உறுதிமொழி எடுத்து அவைக்கு வருவோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். டி வலேராவுக்கு இரண்டே வழி: உள்ளே போவது, அல்லது அரசியலை விட்டே போவது. ஆகஸ்டில் அவர் டாயில் அலுவலகத்துக்குப் போனார். மேசையில் உறுதிமொழிப் புத்தகம், பக்கத்தில் பைபிள். பைபிளை எடுத்து அறையின் இன்னொரு பக்கத்தில் தள்ளி வைத்தார். தான் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை, உள்ளே போகத் தேவையான சம்பிரதாயத்துக்காகப் பெயரை மட்டும் எழுதுகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். வெற்றுச் சடங்கு என்றார் அதை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதையே செய்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்குமா என்று எதிரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு டி வலேரா சொன்ன எந்தப் பதிலும் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து, வெளியே நின்ற பாதி நாட்டை உள்ளே கூட்டிவந்தது என்பதையும் மறுக்க முடியாது.

1932 பிப்ரவரித் தேர்தலில் ஃபியானா ஃபாயில் 72 இடங்கள் பெற்றுப் பெரிய கட்சியானது. தொழிற்கட்சியின் ஆதரவும் கிடைத்தது. அந்த மூன்று வாரம் நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் யாரைச் சுட்டார்களோ, யாரைச் சிறையில் அடைத்தார்களோ, அவர்கள் கையில் ராணுவத்தை ஒப்படைக்க வேண்டும். காவல்துறைத் தலைவர் ஓ'டஃபி ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆள் திரட்டிப் பார்த்தார், ராணுவத் தலைமை இடம் கொடுக்கவில்லை. மார்ச் 9 அன்று அவைக்கு வந்த ஃபியானா ஃபாயில் உறுப்பினர்கள் சிலரின் சட்டைப்பையில் கைத்துப்பாக்கி இருந்தது. உள்ளே என்ன நடக்குமோ என்ற பயம்.

ஒன்றும் நடக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது, டி வலேரா 81க்கு 68 என்று தேர்வானார். காஸ்கிரேவ் எதிர் வரிசைக்குப் போனார். பாதுகாப்பு அமைச்சராக யார் வந்தார் தெரியுமா? 1923இல் ஆயுதங்களைப் புதைக்கச் சொன்ன அதே ஃபிராங்க் ஐக்கன். தன்னைத் தோற்கடித்த ராணுவத்துக்கு அவரே அமைச்சர். அதிகாரிகளைக் கூட்டமாகப் பணிநீக்கம் செய்யவில்லை, பழிவாங்கவும் இல்லை. உலகப்போர்களுக்கு நடுவே ஐரோப்பாவில் எத்தனை புதிய நாடுகளில் ஜனநாயகம் சரிந்தது என்று பார்த்தால், காஸ்கிரேவ் அன்று நடந்த அந்தச் சில அடிகளின் அருமை தெரியும்.

ஆட்சிக்கு வந்த டி வலேரா முதல் வேலையாக உறுதிமொழியை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1933 மே மாதம் அது சட்டமானது. ஒரு துப்பாக்கிக் குண்டு செலவில்லை. 1937இல் புதிய அரசியலமைப்பு வந்தது. இந்திய அரசியலமைப்பின் 'அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைகள்' அதிலிருந்து எடுத்தவை, போட்டித் தேர்வு எழுதியவர்களுக்கு இது மனப்பாடமாகத் தெரியும். 1938இல் துறைமுகங்கள் திரும்பி வந்தன. காலின்ஸ் சொன்ன ஏணி உண்மையிலேயே இருந்தது, அதில் ஏறியவர் அதை எதிர்த்த டி வலேரா. முழுக் குடியரசை 1949 ஈஸ்டர் திங்களன்று நடைமுறைப்படுத்தியதோ, ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களின் வழிவந்த ஃபினா கேல் தலைமையிலான கூட்டணி அரசு. ஃபினா கேல் 1933இல் காஸ்கிரேவின் கட்சியும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து உருவானது.

உறுதிமொழி விவகாரம் முழுதாக முடிந்துவிடவில்லை. டி வலேராவோடு போகாமல் ஷின் ஃபெயினிலேயே தங்கியவர்கள் 1986 வரை டாயிலுக்கு வருவதைக் கொள்கையாகவே ஏற்கவில்லை. வட அயர்லாந்திலிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகும் அந்தக் கட்சியினர் இன்றும் அங்கே போய் உட்காருவதில்லை. அங்கே இடம் வேண்டுமென்றால் மன்னருக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும்.

2020 தேர்தலில் ஃபியானா ஃபாயில், ஷின் ஃபெயின், ஃபினா கேல் மூன்றும் ஏறக்குறையச் சமமாக வந்தன. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் 27 அன்று, பசுமைக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு, உள்நாட்டுப் போரின் இரண்டு வாரிசுகளும் முதல் முறையாக ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். பிரதமர் பதவி முதல் பாதி ஃபியானா ஃபாயிலின் மீஹால் மார்ட்டினுக்கு, இரண்டாம் பாதி ஃபினா கேலின் லியோ வராத்கருக்கு. வராத்கரின் அப்பா மும்பையிலிருந்து போன டாக்டர்.

பேல் நா பிளாவில் சாலையோரம் ஒரு சிலுவை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் காலின்ஸை நினைத்து அங்கே கூடுவார்கள். நெடுங்காலமாக அது ஃபினா கேல்காரர்களின் கூட்டமாகவே இருந்தது. 2022இல், நூறாவது ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அந்தச் சிலுவைக்கு முன்னால் இரண்டு பேர் உரையாற்றினார்கள். ஒருவர் வராத்கர். மற்றவர் டி வலேராவின் கட்சித் தலைவரும் அப்போதைய பிரதமருமான மீஹால் மார்ட்டின், காலின்ஸ் பிறந்த அதே கார்க் மாவட்டத்துக்காரர்.